யானைக்குக் கட்டம் உண்டு, நடுக்கத்துக்கு இல்லை

இலங்கையில் நிலநடுக்கம் வராது என்று சொன்ன அறிவாளி நான்தான். மற்றவர்களைத் திட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் சொல்லிக் கொடுத்தவள். சில வருஷங்களுக்கு முன்பு என் சித்தப்பா மகள் செல்வி, மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து போன் செய்தாள். "அக்கா, அடுப்பு மேல இருந்த சட்டியெல்லாம் கடகடன்னு ஆடிருச்சு. பூமி நடுங்குதோ?" என்று கேட்டாள். "அட போடி, உங்க ஊர்ப் பாறை வயசான பாறை, அசையாது. எங்கயாவது கல்லுக்கு வெடி வெச்சிருப்பான்" என்றேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தின் கீழ் டிவிசனில் புது வீடுகள் கட்டி, லயம் என்கிற பழைய வரிசை வீடுகளிலிருந்து சில குடும்பங்களை மாற்றினார்கள். செல்வியின் வீட்டுக்காரர் ராமையாவையும் கேட்டிருக்கிறார்கள். இந்தியாவில் படித்த அக்காவே பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள் என்று, இவர்கள் தங்கள் முறையை இன்னொரு குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்கள். லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த கோவா என்கிற முட்டைக்கோஸ், லீக்ஸ் பாத்தியை விட்டுப் போக மனசில்லை என்பதும் ஒரு காரணம்தான். ஆனாலும் முதல் காரணம் நான். வாய் சும்மா இருந்ததா எனக்கு?

போன மாதம் மறுபடியும் நடுங்கியது. இந்த முறை சட்டி மட்டும் ஆடவில்லை. செல்வியின் காம்பராவில், அதாவது லயத்து அறையில், பின்சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்துகொண்டது. லயத்துக்கு மேலே மலைச்சரிவில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நீளமாக ஒரு வெடிப்பு. ஐப்பசி மழை தொடங்க இன்னும் சில வாரங்கள்தான். அந்தப் பின்சுவரை ஒட்டித்தான் மருமகள் சுகந்தியின் கட்டில். அவளுக்கு ஏழு மாதம். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான்.

ஆபத்தான லயங்களைப் பார்த்துப் பட்டியல் எடுக்க ஆபீசர்கள் வரப்போவதாகச் செல்வி சொன்னாள். பட்டியலில் சேர்ந்தால் மழைக்கு முன்னால் வேறு இடம் கிடைக்கும். சேராவிட்டால் அதே சுவர், அதே கட்டில். "இலங்கையில பூமி நடுங்காதுன்னு சொல்றாங்க அக்கா. யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. நீங்க வந்து சொல்லுங்க" என்றாள். நான் சொன்ன வார்த்தை கடல் தாண்டிப் போய், சுற்றிக்கொண்டு என்னிடமே வந்திருந்தது. பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பதுளை ரயிலில் எனக்கு எதிரே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அந்த அம்மாள் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டே வந்தாள். பச்சை மலை, பனி, அருவி எல்லாம் எடுத்து முடித்து, சரிவில் ஒரு லயத்தைப் பார்த்ததும் கத்தினாள். "இங்கே பார், எவ்வளவு அழகான குட்டிக் குட்டி வீடுகள்! ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு!" என்று புருஷனிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். ஒட்டிக்கொண்டிருப்பது அழகுக்காக அல்ல, ஒரே சுவரை இரண்டு குடும்பத்துக்கு வைத்தால் செலவு மிச்சம் என்று அவளுடைய பாட்டன் காலத்துத் துரைமார் கட்டியது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் எனக்கு ஒரு பிஸ்கட் நீட்டினாள். வாங்கித் தின்றேன். கோபத்தோடு தின்றாலும் பிஸ்கட் நன்றாகத்தான் இருந்தது.

அப்புத்தளை தாண்டி ரயில் நின்றது. தண்டவாளத்தில் மண் விழுந்திருக்கிறதாம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், ஒரு தகவலும் இல்லை. வடைக்காரர் மட்டும் பெட்டி பெட்டியாக நான்கு தடவை வந்துபோனார். நான் மூன்று தடவை வாங்கினேன். காய்ந்த மிளகாயைப் பொரித்து வடையோடு தருகிறார்கள், கண்ணில் தண்ணீர் வருகிறது. பக்கத்தில் இருந்த சிங்களப் பெரியவர் தன் மனைவியிடம் சொன்னதை, இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பெண் எனக்குச் சொன்னாள். "மண் விழுந்தால் ரயிலை நிறுத்திவிடுகிறார்கள். மண்ணுக்குக் கீழே குடியிருக்கிற ஆட்களை யார் எழுப்பி வெளியே கூப்பிடுவார்கள்?" என்றாராம். அந்த நீண்ட பயணத்தில் நான் கேட்ட ஒரே உருப்படியான பேச்சு அது.

கடைசியில் இறங்கி நடந்து, பஸ் பிடித்து, பதுளைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பசியில் முதலில் கண்ணில் பட்ட கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டேன். தகரத்தின் மேல் இரண்டு இரும்புத் தகடுகளால் டங்கு டங்கு என்று அடிக்கிற சத்தத்துக்கே பாதிப் பசி அடங்கும். நம்மூர்ப் பரோட்டாக் கடையிலும் இந்தச் சத்தம் உண்டு, ஆனால் இவர்கள் தாளம் போடுகிறார்கள்.

செல்விக்குச் சாமான் வாங்கப் பக்கத்து மளிகைக் கடைக்குள் நுழைந்தேன். முஸ்லிம் கடைக்காரர், எல்லோரும் அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா, நானா என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் கடை அலமாரிகளின் குறுக்கே ஒவ்வொரு தட்டுக்கும் நைலான் கயிறு கட்டியிருந்தார். கண்ணாடிப் போத்தல்கள் எல்லாம் அடித்தட்டில். எதற்கு என்று கேட்டேன்.

"போன மாசம் நடுங்கினதுல தேன் போத்தல் எல்லாம் விழுந்து ஒடைஞ்சி போச்சு. அடுத்த நாளே கட்டிட்டேன்."

"இங்கதான் நிலநடுக்கம் வராதுன்னு சொல்றாங்களே நானா?"

"சொல்றவங்க போத்தல் விக்கிறதில்லையே" என்றார்.

காரணம் என்ன என்று கடையில் நின்ற ஆட்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் மலைக்குள் சுரங்கம் தோண்டியதால் என்றார். ஒருவர் அணைக்கட்டுத் தண்ணீரின் பாரம் என்றார். இன்னொருவர் போன் டவர் என்றார். ஒரு அம்மாள் அரசாங்கம் செய்த பாவம் என்றார், அதற்கு மறுப்பே இல்லை. இத்தனை பேர் பேசிய அந்த ஊரில், ஒரு கயிறாவது கட்டியவர் அந்த நானா ஒருவர்தான்.

மறுநாள் காலை பசறை வழியாக பஸ். பஸ் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஏற்றத்தில் கியர் விழவில்லை. டிரைவர் கெட்ட வார்த்தையில் திட்டினார், விழுந்தது. மடுல்சீமை ரோட்டில் ஒரு வளைவில் பாதி ரோடே இல்லை, கீழே பள்ளத்தில் கிடந்தது. எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டு, காலி பஸ்ஸை அந்தப் பக்கம் கொண்டுபோய் மறுபடி ஏற்றினார்கள். தினமும் இப்படித்தானாம். பஸ்ஸுக்குப் பிறகு ஆட்டோ. ஆட்டோ பஞ்சர் ஆனதும் நடை. பிரசவ வலி எடுத்தவளை இந்த ரோட்டில் எப்படிக் கொண்டுபோவார்கள் என்று கூட நடந்த ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் கேட்டேன். "லொறி வந்தா லொறியில. இல்லாட்டி அதுக்கு முந்தியே பொறந்துரும்" என்றாள், சாதாரணமாக. எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

லயம் கண்ணில் பட்டது. வெள்ளை வெளேரென்று இருந்தது. பன்னிரண்டு காம்பராவும், முன்பக்கம், பின்பக்கம், இஸ்தோப்பு என்று அவர்கள் சொல்லும் வாசல் தாழ்வாரம் உட்பட, புதுச் சுண்ணாம்பு. ஈரம் காயவில்லை. செல்வி முழங்கை வரை சுண்ணாம்போடு ஓடி வந்தாள்.

"வாங்க அக்கா! நல்ல நேரத்துக்கு வந்தீங்க, இப்பதான் அடிச்சி முடிச்சோம்."

"பின்சுவர் எங்கடி?"

பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். வெடிப்பில் செம்மண்ணும் சுண்ணாம்பும் குழைத்து அடைத்து, மேலே மெழுகி, அதற்கு மேல் வெள்ளை. மடித்து வைத்த வேட்டி மாதிரி இருந்தது சுவர். நான் போனில் அவளை ஒரு வேலை செய்யச் சொல்லியிருந்தேன். வெடிப்பின் குறுக்கே காகிதத் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டி, தேதி எழுதி வை, வெடிப்பு வளர்ந்தால் காகிதம் கிழியும் என்று. அவளும் நோட்டுத் தாளைக் கிழித்துக் கஞ்சிப் பசையில் ஒட்டி, மூன்று முறை கிழிந்து, மூன்று முறை புதுசு ஒட்டியிருந்தாள். சுவர் எவ்வளவு நகர்ந்தது என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தக் காகிதங்கள்தான்.

"பேப்பர் எங்க?"

"அசிங்கமா இருந்துச்சுன்னு உரிச்சி அடுப்புல போட்டேன் அக்கா."

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். அடுத்த காம்பராப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆபீசர் வந்து பார்க்கப்போவதே அந்த வெடிப்பைத்தானே, அதை மூடி வைத்தால் என்னத்தைப் பார்ப்பான், மூளை இருக்கிறதா உங்களுக்கு என்று கேட்டேன். செல்வியின் முகம் சுருங்கியது.

"பெரிய ஆளுங்க வர்றாங்க, லயத்தச் சுத்தமா வைங்கன்னு கணக்கப்பிள்ளை சொன்னாரு. யாராச்சும் பாக்க வந்தா வெள்ளை அடிக்கிறதுதானே வழக்கம்? எங்கப்பா காலத்துலயும் துரை வர்றாருன்னா மொத நாளே அடிப்பாங்க. ஒடைஞ்ச செவுத்தக் காட்டிக்கிட்டு நின்னா, வீட்ட வெச்சிக்கத் தெரியாத சனமுன்னு சொல்ல மாட்டாங்களா?"

அதற்குப் பிறகு எனக்குக் கத்த வரவில்லை. தலைமுறை தலைமுறையாக இவர்களை வந்து பார்த்தவர்கள் எல்லோரும் குற்றம் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள். உதவி செய்வதற்காகப் பார்க்க வருவார்கள் என்று எந்தக் காலத்தில் இவர்களுக்குத் தெரிந்தது? இந்தப் பழக்கத்தைப் பழக்கியவன் மேல் வந்த கோபத்தைப் பாவம் இவள் மேல் கொட்டிவிட்டேன். கணக்கப்பிள்ளை என்பவர் டிவிசன் வேலையைப் பார்க்கும் உத்தியோகத்தர், அவரும் இதே லயத்தில் பிறந்தவர்தான். அவருக்கும் இது தோன்றவில்லை.

இரவுச் சாப்பாடு தேங்காய் ரொட்டியும், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பலும், எனக்காக ஒரு முட்டையும். சாப்பிட்டுவிட்டு ராமையா மெதுவாகக் கேட்டார். "நிசமாவே நம்ம பக்கம் நடுங்குமாங்க? ஜப்பான்லதானே நடுங்கும்?"

சுகந்தியின் பழைய மரக்கட்டிலைக் காட்டினேன். தலைமாட்டுப் பக்கம் நின்று தள்ளச் சொன்னேன். தள்ளினார். நடுவில், எப்போதோ உடைந்து ஆணி அடித்த இடத்தில், கிறீச் என்றது.

"தள்ளுனது எங்க? சத்தம் எங்க?" என்று கேட்டேன். "நாம இருக்கிற இந்தப் பெரிய பாறைத் தட்டு வடக்கே போய் இமயமலையில முட்டிக்கிட்டு நிக்குது. முட்டுற இடத்துல அடிக்கடி நடுங்கும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த நெருக்கம் தட்டு முழுக்கப் பரவுது. நடுவுல எங்கயாவது, பல கோடி வருஷத்துக்கு முந்தி உடைஞ்சு ஒட்டின பழைய இடம் இருந்தா, அங்க கொஞ்சம் கொஞ்சமா ஏறி ஏறி ஒரு நாள் விட்டுரும். அணையில தேக்குற தண்ணி, உள்ளுக்குள்ள இறங்குற தண்ணி, இதெல்லாம் கூட ஏற்கனவே விடப்போற இடத்தை முன்னாடியே விட வைக்கும்."

"அப்ப ஏன் இத்தன காலமா வரல்ல?" இது சுகந்தி.

"வந்திருக்கும். ரெண்டு நடுக்கத்துக்கு நடுவுல பல தலைமுறை போயிரும். கடைசியா வந்ததைப் பார்த்தவங்க யாரும் உயிரோட இல்ல, எழுதி வைக்கவும் இல்ல. அதனால வரவே வராதுன்னு நாமளே முடிவு பண்ணிக்கிறோம். இன்னொண்ணும் இருக்கு. பழைய பாறை கெட்டியான பாறை. அதுல அதிர்வு குறையாம ரொம்ப தூரம் போகும். உறுதியான பாறைன்னு உங்க மாமியார்கிட்ட நான் பெருமையா சொன்னேனே, அதே உறுதிதான்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு என் மேல் எரிச்சலாக வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லாத்தூர் நிலநடுக்கத்தில் நடந்தது எனக்குத் தெரியாதா? தக்காணப் பீடபூமி அசையாது என்று அதுவரை நாங்கள் வகுப்பில் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தோம். மண்ணில் கல்லை அடுக்கிக் கட்டிய கனத்த சுவர்கள், தூங்கியவர்கள் மேலேயே விழுந்தன. இந்த லயத்துச் சுவரும் கல்லும் மண்ணும்தான். அவ்வளவும் தெரிந்தவள்தான் போனில் "அட போடி" என்று சொன்னேன்.

இரவே அந்தப் பூச்சைச் சுரண்டிவிடலாம் என்று கேட்டேன். செல்வி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். லயமே சேர்ந்து அடித்த வெள்ளை, ஒரு காம்பரா மட்டும் கொத்திக் கிடந்தால் கணக்கப்பிள்ளை திட்டுவார் என்றாள். வெடிப்பை அவள் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாளே, அது போதும் என்று நானும் விட்டுவிட்டேன். அதுதான் இந்த விஷயத்தில் நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம்.

மூன்றாம் நாள் பகல் ஆபீசர்கள் வந்தார்கள். இரண்டு பேர், கூடக் கணக்கப்பிள்ளை. எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை, எழுதினாலும் அவர்கள் மாறப்போவதில்லை. மூத்தவர் ஒரு அம்மாள், தங்கமான குணம், வாய் திறந்தால் வெல்லம். சிங்களத்தில் பேசினார், கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார். அவர் நீளமாக ஐந்து வாக்கியம் பேசினால் கணக்கப்பிள்ளை "பரவாயில்லன்னு சொல்றாங்க" என்று முடித்துவிடுவார்.

லயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் சொன்னது முழுதாகவே மொழிபெயர்ந்து வந்தது. "எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள்!" செல்வி வெட்கத்தோடு சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். சேதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் வரிசையாகக் கட்டங்கள். மழை. வெள்ளம். மண்சரிவு. காற்று. தீ. மரம் விழுதல். யானை. குடியிருப்பவர்கள் தாங்களே செய்த மாற்றம். நிலநடுக்கத்துக்குக் கட்டம் இல்லை. இந்த உயரத்துக்கு எந்த யானை ஏறி வந்தது என்று தெரியவில்லை, அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.

"நிலநடுக்கம் எங்கே?" என்று கேட்டேன்.

"நம் நாட்டில் அது இல்லையே" என்று மொழிபெயர்ப்பு வந்தது. "படிவம் தலைமை அலுவலகத்தில் அடித்து வருவது."

திருச்சியில் ஒரு முறை என் வீட்டுக் கிணற்றைப் பதிவு செய்யப் போனபோது, கிணறு சதுரமா செவ்வகமா என்று கேட்டார்கள். வட்டம் என்றேன். வட்டத்துக்குக் கட்டம் இல்லை, சதுரம் என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். போட்டுக்கொண்டேன். கிணறு என்பதால் யாரும் சாகவில்லை.

போனில் இருந்த படங்களைக் காட்டினேன். அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கவனமாகப் பார்த்தார். "இது எந்தச் சுவர்? எல்லா லயத்துச் சுவரும் ஒரே மாதிரிதானே. நேரில் கண்ணுக்குத் தெரிவதைத்தான் நாங்கள் எழுத முடியும்" என்றார். மலைமேல் இருந்த வெடிப்பைப் பார்க்கலாம் வாருங்கள் என்றேன். சரிவில் அட்டை கடிக்கும், அது வேறு பிரிவின் வேலை என்றார்கள்.

பிறகு அவர் என்னைப் பார்த்து நேராக, தானே ஆங்கிலத்தில் கேட்டார். "நீங்கள் நிலவியல் ஆசிரியை என்கிறார்கள். அந்த வெடிப்பு நிலநடுக்கத்தால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்வீர்களா?"

லயமே என்னைப் பார்த்தது. ஆங்கிலம் புரியாவிட்டாலும் என்ன கேட்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சுவர் பழையது. மழையில் ஊறியது. சரிவும் மெல்ல நகர்ந்திருக்கலாம். நடுக்கம் கடைசித் தள்ளாக இருந்திருக்கலாம். ஒரு வெடிப்பை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இதைத்தானே சொல்லிக் கொடுத்தேன், தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாதே என்று.

"உறுதியாகச் சொல்ல முடியாது" என்றேன்.

அம்மாள் தலையாட்டி எழுத ஆரம்பித்தார். அப்போதுதான் உள்ளே கரகர என்று சத்தம் கேட்டது. சுகந்தி, தேங்காய்த் துருவலகைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஈரச் சுண்ணாம்பு பொலபொலவென்று அவள் வயிற்றின் மேலும் காலடியிலும் விழுந்தது. "இங்க பாருங்க மிஸ்! இங்கதான்! கை உள்ள போகும், பாருங்க!" என்றாள். செம்மண் உதிர்ந்து வெடிப்பு கறுப்பாகத் தெரிந்தது. விரலை உள்ளே விட்டுக் காட்டினாள்.

ஆபீசர் அம்மாள் குனிந்து பார்த்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். பிறகு கணக்கப்பிள்ளையிடம் ஏதோ சொன்னார், அவர் இந்த முறை வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். "இப்போது சுரண்டியது எது, முன்னால் இருந்தது எது என்று எப்படிப் பிரிப்பது? சுவரில் சமீபத்தில் பூச்சு வேலை செய்திருக்கிறார்கள், இப்போது கருவியால் கொத்தியும் இருக்கிறார்கள். இதற்கு ஒரு கட்டம்தான் பொருந்தும்."

குடியிருப்பவர்கள் தாங்களே செய்த மாற்றம். அந்தக் கட்டத்தில் டிக் போட்டார். பன்னிரண்டு காம்பராவுக்கும் அதே டிக், ஏனென்றால் பன்னிரண்டிலும் புதுப் பூச்சு. போகும்போது சுகந்தியின் தலையைத் தடவி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜீப் வளைவில் மறையும் வரை நான் திட்டிக்கொண்டே நின்றேன். தமிழில்தான் திட்டினேன், வேறு எந்த மொழியிலும் அவ்வளவு வராது.

செல்வி உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். பால் விடாத ப்ளேன்டீ கொண்டுவந்து வைத்தாள், சீனி கொண்டுவர மறந்துவிட்டாள். பிறகு சொன்னாள்.

"வராதுன்னு சொல்லணும்னா உறுதியா சொன்னீங்க. வந்துச்சின்னு சொல்லணும்னா மட்டும் உறுதி இல்லியா அக்கா?"

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அந்த அம்மாள் கேட்ட கேள்வியே தப்பு, அதற்கு நான் சரியாகப் பதில் சொல்லிவிட்டேன், என் படிப்பின் லட்சணம் அவ்வளவுதான். எதனால் வெடித்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சுவர் நிற்குமா என்று யாராவது கேட்டிருந்தால் நிற்காது என்று உறுதியாகச் சொல்லியிருப்பேன். கேட்காவிட்டால் என்ன, வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டியதுதானே? தேவையில்லாத இடத்தில் நீளும் வாய், தேவையான இடத்தில் ஊமையாகிவிட்டது.

அன்று சாயங்காலம் லயத்துப் பெண்கள் செல்வியின் இஸ்தோப்பில் கூடினார்கள். நான் உள்ளே உட்கார்ந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு கடிதம் எழுதினேன். வெளியே என்ன முடிவாயிற்று என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் முகம் இல்லை.

நான்காம் நாள் காலை பெரட்டு. தோட்டத்து ஆட்களை எல்லாம் ஒரு களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. பையோடு வெளியே வந்தால், லயத்தில் ஒரு ஆள் இல்லை. அடுப்பு எதிலும் நெருப்பு இல்லை. ராமையா மட்டும் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, மறுமுனையைத் தூக்க ஆள் தேடிக்கொண்டு நின்றார். பையை முதுகில் மாட்டிக்கொண்டு நான் தூக்கினேன்.

களத்துக்குப் போனபோது பன்னிரண்டு குடும்பமும் அங்கே இருந்தது. பாய், தலையணை, சட்டி, பானை, சாமிப் படம், கோழிக்கூடு எல்லாம். கட்டிலை இறக்கி வைத்ததும் சுகந்தி அதில் உட்கார்ந்தாள். கணக்கப்பிள்ளை வெளிறிப்போய் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கம்போல் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் "இருக்கேங்க" என்று பதில் வந்தது. ஒருவரும் கொழுந்து பறிக்க மலைக்குக் கிளம்பவில்லை.

நான் போய் என் கடிதத்தைக் கொடுத்தேன். இந்த வெடிப்பு எதனால் வந்தது என்று எனக்குத் தெரியாது, இன்னொரு முறை நடுங்கினாலோ பெருமழை பெய்தாலோ இந்தச் சுவர் நிற்காது, இது எனக்கு உறுதியாகத் தெரியும் என்று எழுதி, பெயரும் விலாசமும் போட்டுக் கையெழுத்து வைத்திருந்தேன். துரையிடம், அதாவது தோட்டத்து மேனேஜரிடம் கொடுங்கள், படிவத்தோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் குத்தச் சொல்லுங்கள் என்றேன். அவர் வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"அம்மா, இது எனக்கும் தெரியாமலா இருக்கு?" என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "செல்வி, நீயாச்சும் சொல்லு. மழை இருட்டிக்கிட்டு வருது. இந்தக் களத்துல ஒரு கூரைகூட இல்லியே, புள்ளத்தாச்சிப் பொண்ண வெச்சிக்கிட்டு இங்க எப்படிம்மா இருப்பீங்க?"

செல்வி அடுப்புக்கு மூன்று கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கூரை இல்லாட்டி மேல விழுறதுக்கும் ஒண்ணுமில்லீங்க ஐயா."

தூறல் போட ஆரம்பித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.